தனு, கரணம், புவனம், போகம்: வன்னியில் ஒரு மிருகக்காட்சிச்சாலை பற்றிய அறக்கேள்வி

மிருகக்காட்சிச்சாலை ஒன்றின் எதிர்காலத் திட்டத்தில் இரண்டு பட்டியல்கள் இருக்கும். அடுத்த பத்து, இருபது ஆண்டுகளில் எந்தெந்த விலங்கினங்களை வைத்திருப்பது என்பது முதலாவது. அவற்றை எவ்வளவு நிலத்தில், எந்த அமைப்பில், பார்வையாளருக்கு எப்படிக் காட்டுவது என்பது இரண்டாவது. இந்தியாவில் 1992இல் அமைக்கப்பட்ட மத்திய விலங்குக் காட்சிச்சாலை ஆணையம், ஒவ்வொரு பூங்காவும் இத்தகைய திட்டத்தை எழுதி ஒப்புதல் பெற வேண்டும் என்று விதித்துள்ளது. பொறியியலாளரும் மிருக வைத்தியரும் கணக்காளரும் கூடி முடிக்கும் வேலையாகவே இது நடந்து வருகிறது. ஆனால் பட்டியலில் ஒரு பெயரை எழுதும்போதே பழைய சமயக் கேள்வி ஒன்றுக்கும் விடை சொல்லப்பட்டுவிடுகிறது. ஓர் உயிர் எங்கே கிடந்து, எதைத் தின்று, யாரோடு கூடி, எப்படிச் சாக வேண்டும் என்பதை இன்னோர் உயிர் முடிவு செய்யலாமா? செய்யலாம் என்றால், எந்த நியாயத்தின் பேரில்?

வன்னிப் பெருநிலப்பரப்பில் இந்தக் கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. இலங்கையின் தேசிய விலங்கியல் பூங்காத் திணைக்களம் நடத்தும் நிறுவனங்களில் ஒன்றும் வட மாகாணத்தில் இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பிள்ளைகள் சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் பார்ப்பதென்றால் கல்விச் சுற்றுலாவில் தெகிவளை போன்ற தொலைவான காட்சிச்சாலைகளுக்குத்தான் போக வேண்டும். யானையைப் பார்க்க அவர்கள் எங்கும் போக வேண்டியதில்லை. அது வேலியை மிதித்துக்கொண்டு வளவுக்கே வருகிறது. விலங்கு அரிதாகிப்போன நகரத்தில் மிருகக்காட்சிச்சாலை பிறந்தது. விலங்கோடு அன்றாடம் மல்லுக்கட்டும் நிலத்தில் அப்படி ஒன்று அமைவதானால் அதன் நோக்கமும் பட்டியலும் வேறாகத்தான் இருக்க முடியும்.

இலங்கையின் காட்சிச்சாலை வரலாறு வணிகத்தில் தொடங்குகிறது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரைச் சேர்ந்த கார்ல் ஹாகன்பெக், ஐரோப்பிய, அமெரிக்கக் காட்சிச்சாலைகளுக்கும் சர்க்கஸ்களுக்கும் காட்டு விலங்குகளை விற்ற பெருவணிகர். 1907இல் அவர் ஸ்டெலிங்கனில் திறந்த பூங்காவில் கம்பிகளுக்குப் பதிலாக அகழிகள் இருந்தன. இன்று ‘திறந்தவெளிக் காட்சி’ என்று சொல்லப்படுவதெல்லாம் அங்கிருந்து வந்தவையே. அவருடைய மாற்றாந்தாய் வழிச் சகோதரர் ஜோன் ஹாகன்பெக் இலங்கையில் தங்கி, பிடித்த விலங்குகளைக் கப்பலேற்றும் வரை வைத்திருக்கத் தெகிவளையில் ஓரிடம் அமைத்தார். அதை 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. அதுவே தேசிய மிருகக்காட்சிச்சாலையாக வளர்ந்தது. இந்த ஹாகன்பெக் குடும்பம் 1880களில் இலங்கையிலிருந்து யானைகளை மட்டும் கொண்டுபோகவில்லை. இலங்கை மக்களையும் கூட்டமாகக் கொண்டுபோய், யானைகளோடு சேர்த்து ஐரோப்பிய நகரங்களில் காசுக்குக் காட்டியது. பார்ப்பவன் ஒரு பக்கம், பார்க்கப்படுவது மறு பக்கம் என்ற அந்த ஏற்பாட்டில் மனிதனும் ஒரு காலத்தில் மறு பக்கத்தில் நிறுத்தப்பட்டான் என்பதை இந்தத் தீவின் மக்கள் மறக்கக்கூடாது. அன்று அது அறிவு வளர்ச்சி என்றே விளம்பரப்படுத்தப்பட்டது.

பின்னாளில் வந்தவை வேறு முகம் கொண்டவை. 1975இல் தாயிழந்த யானைக்குட்டிகளுக்காகப் பின்னவலையில் ஒரு காப்பகம் தொடங்கியது. 2015இல் அதன் அருகே திறந்தவெளி மிருகக்காட்சிச்சாலை வந்தது. 2016இல் அம்பாந்தோட்டை ரிதியகமவில் ஏறத்தாழ 500 ஏக்கரில் சஃபாரிப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே விலங்கு வெளியில் நிற்க, மனிதர் வாகனத்துக்குள் அடைபட்டுப் போகிறார்கள். இடம் பெருத்தது, கம்பி குறைந்தது. எந்த இனத்தை ஏன் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் அதே வேகத்தில் விடை தேடப்படவில்லை.

சமயமும் மரபும் இந்த விடயத்தில் தூய்மையான கைகளோடு பேச வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வன்னிச் சிற்றரசுகளான வன்னிமைகள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறையாகக் கொடுத்தது யானை. காட்டில் பிடிபட்ட யானைகள் ஆனையிறவின் ஆழமற்ற கடல்நீரேரியைக் கடந்து யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து இந்திய வணிகர் கைக்கு மாறின. கொம்பன் யானையைப் பிடித்துக் கட்டிய அரியாத்தையின் கதை முல்லைத்தீவுப் பகுதியில் ஒப்பாரியாகவும் கூத்தாகவும் வாழ்கிறது. ஆண்கள் தயங்கிய இடத்தில் ஒரு பெண் காட்டிய வீரம் என்று அந்தக் கதை கொண்டாடப்படுகிறது. கட்டப்பட்ட யானைக்கு அதில் குரல் இல்லை. தென்னிலங்கையில் விகாரைப் பெரகராவுக்கும் தமிழ்நாட்டில் கோயில் வாசலுக்கும் யானை சங்கிலியோடு வந்தது. 2001இல் தாய்லாந்து இலங்கைக்கு அன்பளித்த சக் சுரின் என்ற யானை முத்துராஜா என்ற பெயரில் ஒரு விகாரையில் வளர்ந்தது. அதன் உடல்நிலை பற்றி எழுந்த முறைப்பாடுகளுக்குப் பின், 2023 யூலையில் வானூர்தியில் தாய்நாடு திரும்பியது. பக்தி இருக்கும் இடத்தில் பராமரிப்பும் இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

ஆனாலும் வன்னித் தமிழரில் பெரும்பாலோர் பின்பற்றும் சைவத்தின் தத்துவத்தில், காட்சிச்சாலைத் திட்டத்தை அளக்கத்தக்க மிகக் கூர்மையான கருவி ஒன்று இருக்கிறது. பதி, பசு, பாசம் என்ற முப்பொருளில் ‘பசு’ என்பது உயிர். மனித உயிருக்கும் யானை உயிருக்கும் அதே பெயர்தான். உயிர்கள் எண்ணற்றவை, ஒவ்வொன்றும் தனித்தனியானது. அவை முட்டை, வியர்வை, வித்து, கருப்பை என்ற நான்கு வழிகளில், எண்பத்து நான்கு நூறாயிரம் பேதங்களில் பிறக்கின்றன என்று சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் விரிக்கிறது. பாசத்தில் கட்டுண்டு கிடக்கும் உயிர் மேலேறுவதற்காக இறைவன் அதற்கு நான்கைக் கொடுக்கிறான்: தனு, கரணம், புவனம், போகம். தனு என்பது உடம்பு. கரணம் என்பது மனம் முதலான கருவிகள். புவனம் வாழும் உலகம். போகம் அந்த உலகில் நுகரும் பொருள்களும் இன்பதுன்ப அனுபவமும். நான்கும் சேர்ந்தே ஒரு பிறவி. ஒன்றைப் பிடுங்கிவிட்டு மற்ற மூன்றையும் முழுமை என்று சொல்ல இந்தத் தத்துவத்தில் இடமில்லை.

வன்னிக் காட்டுக் கரடியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். அதன் மேல்வாயில் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் இல்லை. உதடுகள் நீண்டு குழலாகக் குவியக்கூடியவை. மூக்குத் துவாரங்களை அது வேண்டும்போது மூடிக்கொள்ளும். புற்றை நீண்ட நகங்களால் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, பல்லில்லாத அந்த இடைவெளியால் கறையானை உறிஞ்சுகிறது. அந்த ஓசை நூறு மீற்றருக்கு அப்பாலும் கேட்கும். வைகாசி, ஆனியில் பாலை பழுக்கும்போது அதே கரடி மரமேறுகிறது. கரடியின் பல், உதடு, நகம் எல்லாம் புற்றும் பாலையும் உள்ள ஒரு நிலத்துக்காக அமைந்தவை. சீமெந்துத் தரையில் தட்டில் வைத்த சோறும் பழமும் அதன் தனுவைக் காப்பாற்றும். மிருக வைத்தியர் அதன் நிறையை அளந்து நலம் என்று எழுதலாம். கரணங்களுக்கு அங்கே வேலையில்லை. வேலையற்ற கரணம் என்ன செய்யும் என்பதை எந்தப் பழைய காட்சிச்சாலையிலும் காணலாம். கரடி தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்கும். சிறுத்தை கூண்டின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, காலடி வைத்த அதே இடத்தில் மறுபடி காலடி வைத்து, நாள் முழுக்க நடக்கும். சங்கிலியில் நிற்கும் யானை முன்காலை எடுத்து வைத்து எடுத்து வைத்து அசையும். பார்க்கும் பிள்ளைகள் அதை ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டுகிறார்கள். விலங்கியலாளர் இதற்கு நோக்கமற்ற மீள்நடத்தை என்று பெயரிட்டு, சிறைவாழ்வின் பாதிப்பாகக் கணக்கிடுகின்றனர்.

ஆகவே ஓர் இனத்தின் பெயரைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியது, அதன் புவனத்தையும் போகத்தையும் இந்த நிலத்தில் கொடுக்க முடியுமா என்பது. வளர்ந்த யானை நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி தின்னும். இலங்கை யானையின் நடமாட்ட எல்லை பெரும்பாலும் பத்துக்கணக்கிலிருந்து நூறு சதுர கிலோமீற்றர் வரையும் அதற்கு மேலும் விரியும். எந்த நகர்ப் பூங்காவும் அதைக் கொடுக்காது. இந்திய ஆணையம் 2009 நவம்பரில் காட்சிச்சாலை யானைகளை முகாம்களுக்கும் சரணாலயங்களுக்கும் மாற்றும்படி பணித்தது இந்தக் காரணத்தால்தான். அது முழுமையாக நிறைவேறவில்லை என்பது வேறு விடயம். அழுங்கு சிறிய விலங்கு, சிறிய இடம் போதும் என்று தோன்றும். எறும்பும் கறையானும் தவிர வேறெதையும் தின்னப் பழகாத அது, அடைப்பில் பெரும்பாலும் விரைவிலேயே செத்துப்போகிறது. இடத்தின் அளவு மட்டும் புவனம் ஆகாது.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். ஊர்களில் அது உண்மையிலேயே சொல்லப்படுவதும் உண்டு. விலங்காய்ப் பிறந்ததும் கூண்டில் கிடப்பதும் அந்த உயிரின் வினை. மனிதன் அதற்குக் கருவி மாத்திரம் என்பது அந்த வாதம். சித்தாந்தம் இதை ஏற்காது. வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று அது பிரிக்கிறது. துன்புறும் உயிர் அனுபவிப்பது அதன் பிராரத்தமாக இருக்கலாம். துன்புறுத்துகிறவன் அந்தக் கணமே தனக்கு ஆகாமியத்தைச் சேர்க்கிறான். பிறர் வினை எவருக்கும் அனுமதிப்பத்திரம் ஆகாது. மனிதப் பிறவி அரிது, உயர்ந்தது என்று சித்தாந்தம் சொல்வதும் இந்தப் பொறுப்பு அதற்கு இருப்பதனால்தான். மேலும், விலங்கு வெறுமனே வினை கழிக்கும் கூடு என்று மட்டும் சைவ மரபு கருதவில்லை. வட இலங்கைக் கோயில்களில் படித்துப் பயன் சொல்லப்படும் திருவிளையாடற் புராணத்தில் கரிக்குருவி உபதேசம் பெறுகிறது, நாரை முத்தி அடைகிறது, தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்கு இறைவனே பன்றி வடிவில் பால் கொடுக்கிறான். ஆனைக்காவில் சிலந்தியும் யானையும் தத்தம் வழியில் வழிபட்டுத் தமக்குள் பகைத்தும் கொள்கின்றன. இந்த உயிர்களெல்லாம் தம் காட்டிலும் தம் குளத்திலும், தம் விருப்பத்தால் ஏதோ ஒன்றைச் செய்தவை. விருப்பம் உடைய உயிருக்குத் தடை என்பதும் உண்டு. அந்த விருப்பத்தைத் தடுப்பது அந்த உயிருக்கு இழைக்கும் கேடு.

இன்னொரு வாதம் அறிவியலின் பக்கமிருந்து வருகிறது. அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. அழியும் இனத்தைக் காக்கக் காட்சிச்சாலை கடைசிப் புகலிடம் என்பது அது. அரேபிய ஓரிக்ஸ் மான் 1972இல் காட்டில் அற்றுப்போனது. அமெரிக்காவின் பீனிக்ஸ் முதலிய காட்சிச்சாலைகளில் பெருகிய மந்தையின் வழிவந்தவை 1982இல் ஓமான் பாலைவனத்தில் விடப்பட்டன. கலிபோர்னியக் கழுகு 1980களில் இருபத்திரண்டாகக் குறைந்து, எஞ்சியவை எல்லாம் பிடிக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, மீண்டும் வானத்தில் பறக்கிறது. 1976இல் சென்னைக்கு அருகே ரொமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை இந்தியாவின் முதலைகளுக்கு அத்தகைய துணையாக நின்றது. இவை உண்மையான நன்மைகள். ஆனால் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டி, இதற்கான வாசலை இறுக்கமாகவே வைத்திருக்கிறது. முதலில் அந்த இனத்துக்கு வந்த ஆபத்து எது என்று பார்க்க வேண்டும். அடைத்து வளர்ப்பது அந்த ஆபத்தை எப்படிக் குறைக்கும் என்று காட்ட வேண்டும். எத்தனை விலங்கு, எவ்வளவு காலம், எவ்வளவு பணம் என்று கணக்கிட்ட பின்பே முடிவு. இந்த உரைகல்லில் உரசினால், உலகக் காட்சிச்சாலைகளின் பட்டியல்களில் உள்ள சிங்கங்களும் வரிக்குதிரைகளும் பெரும்பகுதி நிற்கமாட்டா.

அறிவியல் திட்டத்தின் கணக்கு அலகு இனம். தத்துவத்தின் கணக்கு அலகு ஓர் உயிர். இரண்டும் மோதும் இடம் 2014 பெப்ரவரியில் கொப்பன்ஹேகன் காட்சிச்சாலையில் வெளிப்பட்டது. மாரியஸ் என்ற நல்ல ஆரோக்கியமான இளம் ஒட்டகச்சிவிங்கி, அதன் மரபணு வேறு விலங்குகளில் போதிய அளவு இருப்பதால் இனப்பெருக்கத் திட்டத்துக்குத் தேவையில்லை என்று கொல்லப்பட்டது. இனத்தின் நலன் என்ற கணக்கில் அது சரி. இனத்துக்கு வலிக்காது, வலித்தது மாரியசுக்குத்தான். உயிர்கள் பல, ஒவ்வொன்றும் தனி என்ற சித்தாந்த நிலையில் நிற்பவரால், உபரி என்று எந்த உயிரையும் எழுத முடியாது. எனவே பிறக்கப்போகும் குட்டிக்கு இடமில்லை என்று தெரிந்தால், பிறப்பைத் தடுப்பதே திட்டத்தின் கடமை. குட்டி பிறந்தால் கூட்டம் வரும் என்பதற்காக இனம் பெருக்குவது பெரும் பாவம் என்றே சொல்ல வேண்டும்.

வன்னியின் மற்றச் சமயங்களும் வேறு வேறு வாசல்களால் இதே இடத்துக்கு வருகின்றன. பூனையொன்றை அடைத்து வைத்து, தானும் உணவு கொடாமல், அது தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என்ற நபிமொழி முஸ்லிம்களிடையே நன்கு அறியப்பட்டது. அதன் நுட்பம் இரண்டாவது நிபந்தனையில் இருக்கிறது: அடைத்தவர் உணவூட்டும் கடமையை ஏற்றார், இல்லையேல் விட்டுவிட வேண்டும். இலங்கை 1985இல் பாகிஸ்தானுக்கு அன்பளித்த காவன் என்ற யானை, துணையானை 2012இல் இறந்த பின் இஸ்லாமாபாத் காட்சிச்சாலையில் தனியே நின்றது. 2020 மே மாதம் அந்நகர உயர் நீதிமன்றம், விலங்குக்கும் உரிமை உண்டு என்று இஸ்லாமியப் போதனைகளையும் எடுத்துக்காட்டித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் காவன் கம்போடியாவின் காட்டுச் சரணாலயத்துக்குப் போனது. கிறிஸ்தவர் நோவாவின் பேழையை அறிவர். காட்சிச்சாலையினரும் தம்மைப் பேழை என்று சொல்லிக்கொள்வதுண்டு. விவிலியத்துப் பேழைக்கு ஒரு கதவும் ஒரு முடிவும் இருந்தன. நீர் வற்றியதும் உயிர்கள் யாவும் வெளியே அனுப்பப்பட்டன. பௌத்தரின் நினைவில் மிகிந்தலை இருக்கிறது: மான் வேட்டைக்கு வந்த தேவநம்பியதீசனை மகிந்த தேரர் மறித்து நிறுத்திய குன்று, வேட்டை விலக்கப்பட்ட நிலமாயிற்று. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அந்த மரபு காட்டிய வழி, விலங்கை ஓரிடத்தில் அடைப்பதல்ல. மனிதனை ஓரிடத்தில் தடுப்பது.

அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றி மகாவம்சம் சொல்லும் கதைகளில் ஒன்று இந்த ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அடுத்த கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பனைமரத்துக் கூட்டில் இருந்த குஞ்சைப் பாம்பு விழுங்கியது. தாய்ப்பறவை மணியை இழுத்தது. அரசன் பாம்பைப் பிடிப்பித்து, வயிற்றைக் கீறிக் குஞ்சை எடுத்து, பாம்பை அந்த மரத்திலேயே தொங்கவிட்டான். பறவைக்கும் நீதி என்ற மனம் பெரியது. ஆனால் பாம்பு என்ன குற்றம் செய்தது? குஞ்சு அதன் போகம். மனித நீதியைக் காட்டின்மேல் விரித்தபோது, ஓர் உயிர் பாதிக்கப்பட்டதாகவும் இன்னோர் உயிர் குற்றவாளியாகவும் ஆனது. புதூர் நாகதம்பிரானுக்குப் பொங்கல் வைக்கும் மக்கள் இந்தக் கதையைப் பாம்பின் பக்கமிருந்தும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

இந்த மனப்போக்கு பழங்கதையோடு முடியவில்லை. 2018 யூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் வந்த சிறுத்தை, வனசீவராசிகள் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் உட்படப் பத்துப் பேர் வரையில் காயப்படுத்தியது. பின்னர் அது அடித்துக் கொல்லப்பட்டது. கொன்ற காட்சி படமாகப் பரவ, நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது, சிலர் கைது செய்யப்பட்டனர். அம்பாள்குளத்து மக்களின் அச்சம் பொய்யல்ல. தூரத்து நகரங்களில் இருந்து கண்டித்தவர்களில் பலர் சிறுத்தையைக் கம்பிக்குப் பின்னால் மட்டுமே கண்டவர்கள். கண்டனம் செய்தவர்களும் கொன்றவர்களும் ஒரு வகையில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள்: அந்த விலங்கின் புவனம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இருவருக்கும் எவரும் கற்பிக்கவில்லை. வன்னியில் காட்சிச்சாலைக்குக் கல்வி நோக்கம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். சிறுத்தையை அடைத்துக் காட்டி இதைக் கற்பிக்க முடியாது. அடைத்த சிறுத்தை தவறான பாடத்தையே சொல்லும்.

யானை விடயத்தில் நிலைமை இன்னும் கடுமையானது. 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள் என்று மதிப்பிடப்பட்டது. 2023இல் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் மனித–யானை மோதலில் இறந்தனர். அறுவடைக்கு முன் ஓர் இரவில் வயலை இழந்தவரிடம் ஜீவகாருணியம் பேசுபவர், அவருடைய இழப்பையும் தத்துவத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும். மனித உயிரும் பசுதான். அதற்கும் புவனமும் போகமும் வேண்டும். ‘குழப்படி யானைகளைப் பிடித்து ஓரிடத்தில் அடைத்து, மக்களுக்குக் காட்டி வருமானமும் எடுக்கலாம்’ என்ற யோசனை இந்த வேதனையிலிருந்துதான் பிறக்கிறது. அது விவசாயிக்கும் தீர்வாகாது. ஒரு யானை போன பாதையில் இன்னொன்று வரும். பாதை அடைபட்டதும் குளத்தடிக் காடு வெட்டப்பட்டதும் அப்படியே இருக்கும்.

வன்னிக்கு மட்டும் தெரிந்த இன்னொரு நியாயமும் இருக்கிறது. 2008, 2009இல் போரால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, புறப்படுவதற்கு முன் பட்டியைத் திறந்து, மாட்டின் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் போயின. கட்டோடு விட்டால் தண்ணீரில்லாமல் செத்துப்போகும் என்பது தெரிந்ததால் செய்தது அது. போர் முடிந்து திரும்பியபோது பல மாடுகள் கட்டாக்காலிகளாகக் காட்டில் உயிரோடு நின்றன. கூண்டில் உள்ள விலங்குக்கு இந்தக் கதி கிடைக்காது. 1939இல் இரண்டாம் உலகப் போர் அறிவிக்கப்பட்டதும் லண்டன் காட்சிச்சாலை நச்சுப்பாம்புகளைக் கொன்றது. பேர்லின் காட்சிச்சாலையின் 3,700க்கு மேற்பட்ட விலங்குகளில் போர் முடிவில் உயிரோடு எஞ்சியவை 91. தோக்கியோவின் உவெனோ காட்சிச்சாலையில் 1943இல் குண்டுவீச்சுக்கு அஞ்சி விலங்குகளைக் கொல்ல ஆணை வந்தது. நஞ்சு கலந்த உருளைக்கிழங்கை யானைகள் தின்னவில்லை, பட்டினி போட்டார்கள். காவலரைக் கண்டபோதெல்லாம் அவை பழக்கிய வித்தைகளைச் செய்து காட்டின, வித்தை செய்தால் தீனி கிடைக்கும் என்று கற்றிருந்ததால். ஜோன், வன்லி, தொங்கி என்ற அந்த மூன்று யானைகளும் ஒவ்வொன்றாகச் செத்தன. ஓர் உயிரைக் காட்சிக்கு வைப்பது என்றால், மனித ஒழுங்கு குலையாது என்று அதற்கு வாக்குக் கொடுப்பது. அந்த வாக்கை நம்பிக்கையோடு கொடுக்க முடியாத நிலம் வன்னி. அவிழ்த்துவிட்டால் பிழைக்கக்கூடிய உயிரையா, பிழைக்க முடியாத உயிரையா வைத்திருக்கிறோம் என்ற கேள்வி இங்கே கற்பனைக் கேள்வி அல்ல.

இவற்றின் வழியே வன்னிக்கு ஒரு பட்டியல் எழுதினால், அது இல்லாதவற்றில் தொடங்கும். யானை, சிறுத்தை, கரடி, மரை, அழுங்கு ஆகிய காட்டு உயிர்களைப் பிடித்து வைப்பதில்லை. வேற்று நாட்டு விலங்குகளை வாங்குவதில்லை. மனிதச் செயலால் புவனத்தை ஏற்கெனவே இழந்த உயிர்களுக்கு மட்டும் அங்கே இடம்: கம்பித் தடத்தில் கால் போனது, மின்கம்பியில் அடிபட்டது, தாய் சுடப்பட்டது, கடத்தலில் பிடிபட்டது. நட்சத்திர ஆமை வறண்ட வலயத்துப் புதர்க்காட்டு உயிர். வளர்ப்புப் பிராணி வணிகத்துக்காகப் பெருமளவில் கடத்தப்படுவதால் 2019இல் சர்வதேச வணிகம் முற்றாகத் தடைசெய்யப்பட்ட இனங்களுள் சேர்க்கப்பட்டது. கைப்பற்றப்பட்டவை எங்கிருந்து பிடிபட்டவை என்று தெரிந்தால் அங்கே விட வேண்டும். தெரியாதவற்றுக்கு வன்னிப் புதர்க்காட்டிலேயே அவற்றின் புவனத்தையும் போகத்தையும் ஏறக்குறைய முழுதாகக் கொடுக்க முடியும். காயப்பட்ட உக்குளான், பருந்து, உடும்பு போன்றவையும் இந்த வகையில் வரும்.

தாயிழந்த யானைக்குட்டி வந்தால் என்ன செய்வது என்பதற்கு நாட்டுக்குள்ளேயே இரு வழிகள் உள்ளன. பின்னவலைக்கு வந்த குட்டிகள் அங்கேயே வளர்ந்து, 1984 முதல் அங்கேயே ஈன்று, ஆற்றில் குளிப்பதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் திரளும் பெருங்கூட்டமாயின. 1995இல் தொடங்கிய உடவளவை இடைத்தங்கல் நிலையத்தில் பார்வையாளர் தூரத்தில் நின்று பாலூட்டுவதை மட்டும் பார்க்கலாம். குட்டிகள் தம்முள் கூட்டாக வளர்ந்து, வயது வந்ததும் காட்டில் விடப்படுகின்றன. 1998 முதல் இப்படி நூற்றுக்கு மேற்பட்டவை திரும்பியுள்ளன. காட்சியை வருமானமாகக் கொண்ட நிறுவனத்துக்கு விலங்கைத் திருப்பி அனுப்ப மனம் வராது என்பதே இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டின் வேர். வன்னிக்கு உடவளவையின் வழியே பொருந்தும். ஆனால் திரும்ப முடியாத உயிரும் உண்டு. கண்ணிவெடியில் முன்கால் ஒன்றின் பாதத்தை இழந்த சாமா என்ற பெண் யானை பின்னவலையில் மூன்று காலால் நொண்டி நடந்தது. உடம்பின் பாரம் மற்றக் கால்களிலும் முதுகெலும்பிலும் இறங்கியது. அத்தகைய உயிருக்குச் சாகும்வரை சோறு போடுவது மனிதர் பட்ட கடனைத் திருப்புவது. அதை மக்கள் பார்க்கலாம். பார்க்கவும் வேண்டும், அந்தக் காலை யார் எடுத்தது என்ற விளக்கத்தோடு.

மற்றக் ‘காட்சிகள்’ கம்பிக்கு வெளியே இருக்கின்றன. 1938இல் பறவைச் சரணாலயமாகி 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளத்தில் பூநாரைகள் இறங்கும் பருவத்தில் ஒரு மறைவிடமும் தொலைநோக்கியும் போதும். அதே ஆண்டில் தேசியப் பூங்காவான மடு வீதிக் காட்டிலும், 1951 முதல் சரணாலயமாயுள்ள கொக்கிளாயிலும் அப்படியே. இங்கே புவனம் விலங்குடையது, அடைபட்டு நிற்பவர் பார்வையாளர். அது பார்க்கக் கிடைக்காமலும் போகலாம். காலை முழுதும் காத்திருந்து ஒரு பிள்ளை வெறும் காலடித் தடத்தோடு திரும்பினாலும், சிறுத்தை தன் வேளையில் தன் வழியே போகும் உயிர் என்பதை அந்தப் பிள்ளை கற்றிருக்கும்.

எஞ்சுவது கால அளவு. அரச திட்டங்கள் ஐந்தாண்டுக்கு எழுதப்படுகின்றன. ஒப்பந்தங்கள் அதைவிடக் குறுகியவை. இன்று ஏற்கப்படும் நட்சத்திர ஆமை பல பத்தாண்டுகள் வாழும். யானைக்குட்டி அறுபது ஆண்டு வரை வாழக்கூடும். அதை ஏற்றுக் கையொப்பமிட்ட உத்தியோகத்தர் ஓய்வு பெற்ற பின்னும், பணம் ஒதுக்கிய அரசாங்கம் பலமுறை மாறிய பின்னும் அது பசியோடு நிற்கும். எனவே ஒவ்வொரு உயிரின் பெயருக்கும் எதிரே, அதன் எதிர்பார்க்கும் ஆயுள் முழுமைக்குமான உணவும் மருத்துவமும் எங்கிருந்து வரும், நிறுவனம் மூடப்பட்டால் அது எங்கே போகும், இடப்பெயர்வு நேர்ந்தால் யார் கதவைத் திறப்பது என்பன எழுதப்பட்டிருக்க வேண்டும். இவற்றுக்கு விடை இல்லாத பெயர் பட்டியலில் இடம்பெறக்கூடாது.